எஃப்எஸ்டேபில் ஒரு வரி: டிஸ்க் வராத நாளையும் யோசித்து எழுதுங்கள்

ரீபூட் கொடுத்த பிறகு திரையில் சின்னச் சின்ன நட்சத்திரங்கள் இடமும் வலமுமாக ஓடும். பக்கத்தில் "ஸ்டார்ட் ஜாப் இஸ் ரன்னிங்" என்று தொடங்கி ஒரு நீளமான யூயூஐடி (டிஸ்க்கின் அடையாள எண்), அதன் கடைசியில் 1 நிமிடம் 30 விநாடி என்ற கெடு. விநாடிகள் ஏறி அந்தக் கெடுவைத் தொட்டதும் "டிபென்டன்சி ஃபெயில்ட்" என்று ஒரு வரி வரும், அடுத்தது பழுதுபார்ப்பதற்கு மட்டுமான எமர்ஜென்சி மோட். எஸ்எஸ்ஹெச் எழவில்லை, வெப் சர்வர் எழவில்லை. சிஸ்டம் இருக்கும் ரூட் டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை. பேக்கப்புக்காகச் சேர்த்த இரண்டாவது டிஸ்க்கின் கேபிள் கழன்றிருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஒரு டிஸ்க்குக்காக மொத்த கணினியும் நின்றுவிட்டது. அப்படி நிற்கச் சொன்னது /இடிசி/எஃப்எஸ்டேப் கோப்பில் நாம் எழுதிய ஒற்றை வரி. லினக்ஸில் எந்த டிஸ்க்கை எந்த ஃபோல்டரில் இணைப்பது, அதாவது மவுண்ட் செய்வது, என்று பட்டியலிடும் கோப்பு அது.

மவுண்ட் செய்வது பற்றிய பெரும்பாலான குறிப்புகள் "மவுண்ட் ஆகிவிட்டதா, சரி" என்பதோடு முடிந்துவிடுகின்றன. கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த டிஸ்க் ஒருநாள் வராவிட்டால் இந்தக் கணினி என்ன செய்ய வேண்டும்? கீழே வரும் ஆப்ஷன்களில் பாதிக்கு மேல் இந்தக் கேள்விக்கான பதில்தான்.

கட்டளைகளையும் பாதைகளையும் ஒலிக்கும் விதத்தில் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது வழக்கமான ஆங்கில எழுத்துகளில் அடியுங்கள்.

டிஸ்க்கை எந்தப் பெயரால் அழைப்பது

/டெவ்/எஸ்டிபி1 என்ற பெயர் அந்த டிஸ்க்குக்குச் சொந்தமானது அல்ல. லினக்ஸின் மையமான கெர்னல் எந்த டிஸ்க்கை முதலில் கண்டுபிடிக்கிறதோ அது எஸ்டிஏ, அடுத்தது எஸ்டிபி. ஒரு யுஎஸ்பி டிரைவைச் செருகியபடியே பூட் செய்தால் வரிசை மாறலாம். என்விஎம்இ டிஸ்க்குகளிலும் இதே கதைதான். இரண்டு இருந்தால் 0-வும் 1-ம் இடம் மாற வாய்ப்புண்டு. வரிசை மாறும் நாளில் பேக்கப் போக வேண்டிய இடத்தில் வேறு பார்ட்டிஷன் உட்கார்ந்திருக்கும். அதனால் எஃப்எஸ்டேபில் யூயூஐடி போடுங்கள். "எல்எஸ்பிஎல்கே -எஃப்" என்று அடித்தால் பார்ட்டிஷன், ஃபைல் சிஸ்டம் வகை, லேபிள், யூயூஐடி, இப்போது எங்கே மவுண்ட் ஆகியிருக்கிறது என எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கும். இதே விவரம் தரும் பிஎல்கேஐடி கட்டளையை சூடோவோடு (ரூட் அதிகாரத்தோடு) ஓட்டுவது நல்லது; சாதாரண பயனராக ஓட்டினால் பழைய விவரமோ வெறுமையோ வரலாம்.

இங்கே இரண்டு குழப்பங்கள் அடிக்கடி வருகின்றன. பிஎல்கேஐடி ஒரே வரியில் யூயூஐடி, பார்ட்யூயூஐடி என்று இரண்டு எண்களைக் காட்டும். முதலாவது ஃபைல் சிஸ்டத்தின் அடையாளம், இரண்டாவது பார்ட்டிஷன் டேபிளில் இருக்கும் பார்ட்டிஷனின் அடையாளம். ஒன்றை நகலெடுத்து மற்றதன் பெயரில் ஒட்டினால் டிஸ்க் கிடைக்கவே கிடைக்காது. ஃபார்மேட் செய்தால் யூயூஐடி மாறும், பார்ட்யூயூஐடி மாறாது. இன்னொன்று, ஃபேட், எக்ஸ்ஃபேட் டிஸ்க்குகளின் யூயூஐடி நடுவில் ஒரு கோடு போட்ட வெறும் 8 இலக்கம்தான். "இது பாதிதான் வந்திருக்கிறதோ" என்று பயப்பட வேண்டாம், அது முழுமையானதுதான்.

டிடி கட்டளையால் டிஸ்க்கை அப்படியே நகலெடுத்தால் யூயூஐடியும் சேர்ந்தே நகலாகிவிடும். இரண்டு டிஸ்க்கும் ஒன்றாகச் செருகியிருந்தால் எது மவுண்ட் ஆகும் என்று நிச்சயமில்லை. எக்ஸ்எஃப்எஸ் இந்த விஷயத்தில் கறாரானது: அதே யூயூஐடி ஏற்கெனவே மவுண்ட் ஆகியிருந்தால் இரண்டாவதை மறுத்துவிடும். தற்காலிகமாகப் பார்க்க மட்டும் நோயூயூஐடி ஆப்ஷன் போதும். நிரந்தரமாக வைத்துக்கொள்வதானால் எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு "எக்ஸ்எஃப்எஸ்_அட்மின் -யூ ஜெனரேட்", இஎக்ஸ்டி4-க்கு "டியூன்2எஃப்எஸ் -யூ ரேண்டம்" என்று நகலுக்குப் புது யூயூஐடி கொடுத்துவிடுங்கள். இரண்டிலும் 'யூ' பெரிய எழுத்து. டிஸ்க் மவுண்ட் ஆகாத நிலையில் செய்ய வேண்டும்.

ஆறு பத்தி

எஃப்எஸ்டேபில் ஒரு வரி என்பது ஆறு பத்திகள் (ஃபீல்டுகள்). இடையில் ஸ்பேஸோ டேபோ எத்தனை இருந்தாலும் சரி. உதாரணத்துக்கு ஒரு பேக்கப் டிஸ்க்:

யூயூஐடி=41807265-3318-4097-8452-906117732840  /எஸ்ஆர்வி/காப்பு  இஎக்ஸ்டி4  டிஃபால்ட்ஸ்,நோஃபெயில்,எக்ஸ்-சிஸ்டம்டி.டிவைஸ்-டைம்அவுட்=10எஸ்  0  2

டிஸ்க், மவுண்ட் ஆகும் ஃபோல்டர், ஃபைல் சிஸ்டம் வகை, ஆப்ஷன்கள், டம்ப் எண், சோதனை எண் என்ற வரிசை. ஆப்ஷன்களுக்கு நடுவில் காற்புள்ளி மட்டும்தான், ஸ்பேஸ் வரவே கூடாது. ஒரு ஸ்பேஸ் விழுந்தால் அடுத்த சொல் ஐந்தாம் பத்தி ஆகிவிடும், வரி முழுவதும் குழம்பும். ஃபோல்டர் பெயரிலேயே ஸ்பேஸ் இருந்தால் அந்த இடத்தில் \040 என்று எழுத வேண்டும், மேற்கோள் குறி போட்டால் வேலை செய்யாது. என்னைக் கேட்டால் மவுண்ட் ஃபோல்டருக்கு ஸ்பேஸ் இல்லாத பெயர் வைத்துவிடுவதே நிம்மதி.

ஐந்தாம் பத்தியை 0 என்று விட்டுவிடுங்கள். ஆறாவது, பூட்டின்போது ஃபைல் சிஸ்டத்தைச் சோதிக்கும் எஃப்எஸ்சிகே ஓட வேண்டுமா என்பது: ரூட்டுக்கு 1, மற்ற இஎக்ஸ்டி4 டிஸ்க்குகளுக்கு 2, சோதனை வேண்டாம் என்றால் 0. எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் இரண்டுக்கும் 0 போடுவதே வழக்கம். பூட்டில் அழைக்கப்படும் அவற்றின் எஃப்எஸ்சிகே எதையும் சோதிக்காமல் வெற்றி என்று சொல்லித் திரும்பிவிடும்.

டிஃபால்ட்ஸ் என்ற சொல்லுக்குள் ஆர்டபிள்யூ, எஸ்யூஐடி, டெவ், எக்ஸெக், ஆட்டோ, நோயூசர், அசிங்க் ஆகியவை அடங்கும். வெறும் தரவு வைக்கும் டிஸ்க்குக்கு நோஎஸ்யூஐடி (கோப்பை ஓட்டுபவருக்கு அதன் உரிமையாளரின் அதிகாரம் கிடைக்காது), நோடெவ் (டிவைஸ் கோப்புகள் செயல்படாது) இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கலாம், இழப்பு ஒன்றுமில்லை. நோஎக்ஸெக் விஷயத்தில் யோசியுங்கள். அது நேரடியாக ஓட்டுவதைத்தான் தடுக்கும், "பாஷ்" என்று முன்னால் போட்டு ஸ்கிரிப்டை ஓட்டினால் ஓடிவிடும். /டிஎம்பி-க்கு நோஎக்ஸெக் போட்டால் பேக்கேஜ் நிறுவும்போது சில ஸ்கிரிப்டுகள் "பெர்மிஷன் டினைட்" என்று விழும், காரணம் புரியாமல் நேரம் போகும். இன்னொரு நுணுக்கம்: யூசர் என்ற ஆப்ஷன் தானாகவே நோஎக்ஸெக், நோஎஸ்யூஐடி, நோடெவ் மூன்றையும் இழுத்துவரும். எக்ஸெக் வேண்டுமானால் யூசருக்குப் பின்னால் எழுத வேண்டும். முன்னால் எழுதினால் பின்னால் வரும் யூசர் அதை அழித்துவிடும்.

கோப்பைப் படித்த நேரத்தைப் பதியாமல் விடும் நோஏடைம் பற்றி நிறையச் சொல்வார்கள். 2009-இல் வந்த 2.6.30 கெர்னலிலிருந்து அந்த நேரத்தை அரிதாக மட்டும் பதியும் ரெல்ஏடைம்தான் இயல்புநிலை, அதனால் முன்பிருந்த அளவு ஆதாயம் இப்போது இல்லை. அழிக்கப்பட்ட இடத்தை எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்க டிஸ்கார்ட் ஆப்ஷனை எஃப்எஸ்டேபில் போடுவதைவிட வாரம் ஒருமுறை ஓடும் எஃப்எஸ்ட்ரிம் டைமரை இயக்கிவிடுவது மேல்.

நோஃபெயில் கொடுப்பது எது, எடுப்பது எது

நோஃபெயில் இல்லாத வரிக்கு, பூட்டையும் சர்வீஸ்களையும் நடத்தும் சிஸ்டம்டி கொடுக்கும் பொருள்: "இது வராமல் லோக்கல் ஃபைல் சிஸ்டம் முழுமையாகாது." 90 விநாடி காத்திருந்து, வராவிட்டால் எமர்ஜென்சி மோட். ரூட், /யூஎஸ்ஆர், /வார் போன்றவற்றுக்கு அது நியாயமான நடத்தை. பேக்கப் டிஸ்க்குக்கும் வீடியோ சேமிக்கும் டிஸ்க்குக்கும் அது தேவையில்லாத தண்டனை. அவற்றுக்கு நோஃபெயில்.

ஆனால் நோஃபெயில் போட்டதும் இன்னொன்று சத்தமில்லாமல் நடக்கிறது. அந்த மவுண்ட் முடியும்வரை பூட் காத்திருக்காது. டிஸ்க் நல்ல நிலையில் இருந்தாலும், இரண்டு விநாடி தாமதமாக எழுந்தால், அதற்குள் டேட்டாபேஸோ மீடியா சர்வரோ கிளம்பி வெறும் ஃபோல்டரைப் பார்க்கும். சில மென்பொருள்கள் "ஃபோல்டர் காலியாக இருக்கிறது, புதிதாகத் தொடங்குவோம்" என்று ரூட் டிஸ்க்கிலேயே எழுத ஆரம்பித்துவிடும். பிறகு டிஸ்க் மேலே வந்து மவுண்ட் ஆகும், எழுதியது அடியில் மறையும்.

இதற்கு மருந்து சர்வீஸ் பக்கம் இருக்கிறது. "சிஸ்டம்சிடிஎல் எடிட்" என்று அடித்து சர்வீஸின் பெயரைக் கொடுங்கள். திறக்கும் கோப்பில் யூனிட் பகுதியின் கீழ் "ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்=/எஸ்ஆர்வி/தரவு" என்று ஒரு வரி. இனி அந்தப் பாதை மவுண்ட் ஆன பிறகுதான் சர்வீஸ் கிளம்பும், மவுண்ட் ஆகாவிட்டால் கிளம்பாது. கணினி எழுகிறது, எஸ்எஸ்ஹெச் கிடைக்கிறது, அந்த ஒரு சர்வீஸ் மட்டும் நிற்கிறது. நமக்கு வேண்டியது இதுதான். நோஃபெயிலும் இந்த வரியும் இணைபிரியாதவை என்றே வைத்துக்கொள்ளுங்கள். டைம்அவுட்டை 10 விநாடியாகக் குறைப்பதும் இதோடு சேர்ந்ததே. இல்லாவிட்டால் காத்திருக்கும் சர்வீஸ் 90 விநாடி சும்மா தொங்கும். பழைய சுழலும் டிஸ்க்குகள் எழ நேரம் எடுக்கும் என்றால் 30 கொடுங்கள்.

ஸ்வாப் வரியிலும் இதே சிக்கல் உண்டு. ஸ்வாப் பகுதியை உருவாக்கும் எம்கேஸ்வாப் கட்டளையை மறுபடி ஓட்டினால் யூயூஐடி மாறிவிடும். எஃப்எஸ்டேபில் பழையதே இருந்தால் ஒவ்வொரு பூட்டிலும் ஒன்றரை நிமிடம் வீண். பூட் காரணமில்லாமல் மெதுவாகிவிட்டது என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

வெறும் ஃபோல்டருக்குள் விழும் கோப்புகள்

மவுண்ட் பாயின்ட் என்பது ரூட் டிஸ்க்கில் இருக்கும் ஒரு சாதாரண ஃபோல்டர். டிஸ்க் மவுண்ட் ஆகியிருக்கும்போது அது டிஸ்க்கின் வாசல், ஆகாதபோது அது வெறும் ஃபோல்டர்தான். இரவு 2 மணி பேக்கப் ஸ்கிரிப்டுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. டிஸ்க் வராத நாளில் 80 ஜிபியையும் அந்த வெறும் ஃபோல்டரில் கொட்டும். ரூட் நிரம்பும், லாக் எழுத இடமிருக்காது, ஒவ்வொரு சர்வீஸாக விழும். மறுநாள் கேபிளைச் சரிசெய்து மவுண்ட் செய்ததும் அந்த 80 ஜிபி கண்ணுக்குத் தெரியாமல் டிஸ்க்கின் அடியில் போய்விடும். டிஎஃப் ரூட் 100 சதவீதம் என்று சொல்லும், "டியூ -எக்ஸ்" கூட்டிப் பார்த்தால் 20 ஜிபிகூட வராது.

அடியில் இருப்பதைப் பார்க்க டிஸ்க்கைக் கழற்ற வேண்டியதில்லை. ஒரு காலி ஃபோல்டரை உருவாக்குங்கள், /எம்என்டி/அடி என்று வைத்துக்கொள்வோம். "மவுண்ட் --பைண்ட் / /எம்என்டி/அடி" என்று ரூட்டை அங்கே இன்னொரு முறை காட்டுங்கள். பைண்ட் மவுண்ட் மற்ற டிஸ்க்குகளைத் தன்னோடு எடுத்து வராது. அதனால் /எம்என்டி/அடி/எஸ்ஆர்வி/காப்பு என்று உள்ளே போனால் மறைந்திருந்த கோப்புகள் அப்படியே கிடக்கும். வேண்டியதை நகர்த்திவிட்டு மீதியை அழித்து, "யூமவுண்ட் /எம்என்டி/அடி". அங்கும் ஒன்றும் இல்லையென்றால் அழிக்கப்பட்ட பிறகும் ஏதோ ஒரு புரோசஸ் திறந்து வைத்திருக்கும் கோப்பாக இருக்கும். "எல்எஸ்ஓஎஃப் +எல்1" அதைக் காட்டும், பெரிய 'எல்'.

நடந்த பிறகு தேடுவதைவிட நடக்காமல் தடுப்பது எளிது, அதற்கு இரண்டு வழி. டிஸ்க் மவுண்ட் ஆகாத நிலையில் அந்தக் காலி ஃபோல்டரின் மேல் "சிஹெச்ஏடிடிஆர் +ஐ" ஓட்டுங்கள். அதன்பின் வெறும் ஃபோல்டரில் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராலும் கோப்பு உருவாக்க முடியாது, ஆனால் அதன் மேல் டிஸ்க்கை மவுண்ட் செய்வதற்கு ஒரு தடையும் இல்லை. டிஸ்க் இல்லாத இரவில் பேக்கப் ஸ்கிரிப்ட் "ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்" என்று விழும், நமக்குத் தெரியவரும். இரண்டாவது, ஸ்கிரிப்டின் தலையிலேயே "மவுண்ட்பாயின்ட் -க்யூ /எஸ்ஆர்வி/காப்பு || எக்ஸிட் 1" என்ற ஒரு வரி. இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள். ஸ்கிரிப்டை யாராவது மாற்றி எழுதலாம், ஃபோல்டரின் மேல் போட்ட பூட்டு அப்படியே இருக்கும்.

யாருக்குச் சொந்தம்

காலி ஃபோல்டருக்கு சிஹெச்ஓன் (உரிமையாளரை மாற்றும் கட்டளை) செய்தால் உரிமை மாறிவிட்டது போலத் தெரியும். ஆனால் மவுண்ட் ஆனபின் கண்ணில் படுவது டிஸ்க்கின் சொந்த ரூட் ஃபோல்டரின் உரிமை, அடியிலிருக்கும் ஃபோல்டருடையது அல்ல. புதிதாக ஃபார்மேட் செய்த இஎக்ஸ்டி4 டிஸ்க் ரூட் பயனருக்குச் சொந்தமாகத்தான் இருக்கும். மவுண்ட் செய்தபின் ஒருமுறை சிஹெச்ஓன் செய்யுங்கள், அது டிஸ்க்கிலேயே பதிந்துவிடும்.

ஃபேட், எக்ஸ்ஃபேட் இரண்டிலும் கதை தலைகீழ். அவற்றில் லினக்ஸ் உரிமை விவரம் வைக்க இடமே இல்லை, சிஹெச்ஓன் பலிக்காது. யூஐடி=1000, ஜிஐடி=1000, டிமாஸ்க்=022, எஃப்மாஸ்க்=133 என்று எஃப்எஸ்டேபிலேயே சொல்லியாக வேண்டும். இந்த வரியைப் பார்த்துவிட்டு இஎக்ஸ்டி4 வரியிலும் யூஐடி=1000 சேர்த்தால் மவுண்ட் மறுக்கும்; "ராங் எஃப்எஸ் டைப், பேட் ஆப்ஷன்" என்ற பொதுப்படையான பிழைச் செய்தி வரும். அதைப் படித்துவிட்டு டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். "டிஎம்இஎஸ்ஜி" கட்டளையின் கடைசி இரண்டு மூன்று வரிகளில் எந்த ஆப்ஷன் பிடிக்கவில்லை என்று கெர்னல் தெளிவாகச் சொல்லியிருக்கும்.

விண்டோஸோடு பகிரும் என்டிஎஃப்எஸ் டிஸ்க் படிக்க மட்டும் மவுண்ட் ஆகிறது, அல்லது மவுண்டே ஆகவில்லை என்றால், விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்குகிறதா என்று பாருங்கள். அது பாதி உறங்கிய நிலையில் டிஸ்க்கை விட்டுவிடுகிறது. அதை அணைத்து முழுமையாக ஷட்டவுன் செய்தால் சரியாகும்.

எழுதியபின் சோதிப்பது

முதலில் எஃப்எஸ்டேபுக்கு ஒரு நகல். பிறகு திருத்துங்கள். திருத்தியதும் "சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்". இதை விடவே கூடாது. ஏனென்றால் சிஸ்டம்டி எஃப்எஸ்டேபை அவ்வப்போது படிப்பதில்லை. பூட்டின்போது ஒருமுறை படித்து ஒவ்வொரு வரிக்கும் ஒரு மவுண்ட் யூனிட் தயாரித்து /ரன் கீழே வைத்துக்கொள்கிறது.

ரீலோட் செய்யாமல் விட்டால் வரும் விசித்திரமான கோளாறு ஒன்றை அருகில் நின்று பார்க்கலாம். பழுதான டிஸ்க்கை எடுத்துவிட்டுப் புது டிஸ்க் போட்டிருக்கிறோம். எஃப்எஸ்டேபில் புது யூயூஐடி எழுதி மவுண்ட் கட்டளை அடிக்கிறோம். பிழை ஒன்றும் இல்லை. எல்எஸ் அடித்தால் ஃபோல்டர் காலி. மறுபடி மவுண்ட், மறுபடி பிழை இல்லை, மறுபடி காலி. டிஸ்க்கைச் சந்தேகிப்போம், கேபிளைச் சந்தேகிப்போம். சிஸ்டம்டியின் லாக் காட்டும் ஜர்னல்சிடிஎல் திறந்தால் விடை அங்கே இருக்கும்: "யூனிட் இஸ் பவுண்ட் டு இனாக்டிவ் யூனிட்... ஸ்டாப்பிங், டூ." சிஸ்டம்டியின் நினைவில் அந்த ஃபோல்டர் இன்னும் பழைய யூயூஐடியோடு கட்டப்பட்டிருக்கிறது. பழைய டிஸ்க் இல்லை, ஆகவே அந்த மவுண்ட்டும் இருக்கக் கூடாது என்று, நாம் மவுண்ட் செய்த அடுத்த நொடியே அது யூமவுண்ட் செய்துவிடுகிறது. டீமன்-ரீலோட் அடித்தால் அதோடு தீர்ந்தது.

அடுத்து "ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை --வெர்போஸ்". ஒவ்வொரு வரியாகப் படித்து, ஃபோல்டர் இருக்கிறதா, டிஸ்க் இருக்கிறதா, எழுதிய ஃபைல் சிஸ்டம் வகையும் டிஸ்க்கில் உள்ளதும் பொருந்துகிறதா என்று சொல்லும். பிறகு "மவுண்ட் -ஏ". இங்கே ஒரு பொறி இருக்கிறது. நோஃபெயில் உள்ள வரியில் யூயூஐடியை ஒரு இலக்கம் தப்பாக அடித்திருந்தால் "மவுண்ட் -ஏ" ஒன்றுமே சொல்லாது. டிஸ்க் இல்லாவிட்டால் பேசாமல் போ என்பதுதானே நோஃபெயிலின் பொருள். ஆகவே அது அமைதியாக முடிந்ததை வெற்றியாக எடுத்துக்கொள்ளாமல், "ஃபைண்ட்எம்என்டி /எஸ்ஆர்வி/காப்பு" அடித்து ஒரு வரி வருகிறதா என்று பாருங்கள். வந்தால்தான் மவுண்ட் ஆகியிருக்கிறது. அந்த வரியின் கடைசிப் பத்தியில் உண்மையில் நடைமுறையில் இருக்கும் ஆப்ஷன்களும் தெரியும்.

ஏற்கெனவே மவுண்ட் ஆனவற்றை "மவுண்ட் -ஏ" தொடாது. ஆப்ஷனை மட்டும் மாற்றியிருந்தால் "மவுண்ட் -ஓ ரீமவுண்ட்" போட்டுப் பாதையைக் கொடுங்கள், அல்லது கழற்றி மாட்டுங்கள். கழற்றும்போது "டார்கெட் இஸ் பிசி" என்றால் "ஃபியூசர் -விஎம்" யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று காட்டும். பல நேரம் அது நாமேதான், டெர்மினல் அந்த ஃபோல்டருக்குள் நிற்கும். "யூமவுண்ட் -எல்" அவசரத்துக்கு உதவும், ஆனால் அது பெயரை மட்டும் எடுக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும் புரோசஸ் தொடர்ந்து எழுதும். அதை நம்பி டிஸ்க்கைப் பிடுங்கிவிடாதீர்கள்.

/ஹோமைப் புது டிஸ்க்குக்கு மாற்றுவது

"எம்கேஎஃப்எஸ்.இஎக்ஸ்டி4" ஓட்டும்போது 5 சதவீத இடம் ரூட் பயனருக்கென்று ஒதுக்கப்படுகிறது. 4 டிபி டிஸ்க்கில் அது 200 ஜிபி. ரூட் டிஸ்க்குக்கு அந்த ஒதுக்கீடு அவசியம், தரவு டிஸ்க்குக்கு "டியூன்2எஃப்எஸ் -எம் 1" போதும், சின்ன 'எம்'. எக்ஸ்எஃப்எஸ் தேர்ந்தெடுப்பவர்கள் அதைப் பெரிதாக்கத்தான் வழி உண்டு, பின்னாளில் சிறிதாக்க முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

புது டிஸ்க்கை /எம்என்டி/புது என்ற இடத்தில் தற்காலிகமாக மவுண்ட் செய்து "ஆர்சிங்க் -ஏஹெச்ஏஎக்ஸ் --நியூமெரிக்-ஐடிஸ் /ஹோம்/ /எம்என்டி/புது/". கோடு போட்ட நான்கு எழுத்தில் முதல் 'ஏ' சின்னது, மற்ற மூன்றும் பெரியவை. அவை ஹார்ட் லிங்க், ஏசிஎல், எக்ஸ்டெண்டட் ஆட்ரிபியூட் ஆகியவற்றையும் கொண்டுவரும். /ஹோம்/ என்பதன் கடைசிக் கோட்டை விட்டுவிட்டால் புது டிஸ்க்குக்குள் ஹோம் என்று இன்னொரு ஃபோல்டர் உருவாகி, எல்லாப் பாதையும் ஒரு படி உள்ளே தள்ளிப்போய்விடும். முதல் சுற்றை எல்லாரும் வேலை செய்துகொண்டிருக்கும்போதே ஓட்டலாம். பிறகு ரூட் பயனராக கன்சோலில் நுழைந்து "சிஸ்டம்சிடிஎல் ஐசொலேட் ரெஸ்க்யூ.டார்கெட்", யாரும் எழுதாத நிலையில் அதே கட்டளையை --டெலீட் சேர்த்து இரண்டாவது சுற்று. மாறியவை மட்டும் போவதால் சீக்கிரம் முடியும். பழைய /ஹோமை /ஹோம்.பழையது என்று பெயர் மாற்றி, காலியாகப் புது /ஹோம் உருவாக்கி, எஃப்எஸ்டேபில் வரி சேர்த்து, ரீலோட், மவுண்ட். எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கு இருக்கும் கணினியில் "ரிஸ்டோர்கான் -ஆர்வி /ஹோம்" (ஆர் பெரியது) ஓட்டாவிட்டால், கோப்பெல்லாம் சரியாக இருந்தும் லாகின் மறுக்கப்படலாம். பழைய ஃபோல்டரை ஒரு வாரமாவது விட்டுவையுங்கள்.

/ஹோமுக்கு நோஃபெயில் வேண்டுமா? தொலைவிலிருந்து மட்டும் அணுகும் சர்வர் என்றால் வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. எஸ்எஸ்ஹெச் சாவிகள் /ஹோமுக்குள்தான் இருக்கின்றன. டிஸ்க் வராத நாளில் எஸ்எஸ்ஹெச் எழுந்தாலும் சாவி இல்லாததால் கதவு திறக்காது. ஹோம் ஃபோல்டர் ரூட் டிஸ்க்கிலேயே இருக்கும் நிர்வாகக் கணக்கு ஒன்று தனியாக வைத்திருங்கள்.

நெட்வொர்க் மவுண்ட்

வேறு கணினியின் ஃபோல்டரை நெட்வொர்க் வழியாக மவுண்ட் செய்யும் என்எஃப்எஸ், சிஐஎஃப்எஸ் வரிகளுக்கு _நெட்டெவ் (இதற்கு நெட்வொர்க் வேண்டும் என்ற குறிப்பு), நோஃபெயில், எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட் என்ற மூன்றும். ஆட்டோமவுண்ட் இருந்தால் யாராவது அந்த ஃபோல்டரைத் தொடும்போதுதான் மவுண்ட் நடக்கும், பூட் எதற்கும் காத்திருக்காது. என்எஃப்எஸ்ஸில் ஹார்ட் இயல்புநிலை: அந்தப் பக்கத்து சர்வர் விழுந்தால் இந்தப் பக்கத்து புரோசஸ் 'டி' நிலையில் காத்துக் கிடக்கும். எரிச்சலாக இருந்தாலும் எழுதும் தரவுக்கு அதுவே பாதுகாப்பு. சாஃப்ட் போட்டால் நடுவில் பிழை திரும்பி, அரைகுறையாக எழுதிய கோப்பு மிஞ்சும். சிஐஎஃப்எஸ் பாஸ்வேர்டை எஃப்எஸ்டேபில் எழுதவே எழுதாதீர்கள், அந்தக் கோப்பை எல்லாப் பயனரும் படிக்கலாம். கிரெடென்ஷியல்ஸ்= என்று தனிக் கோப்பைக் காட்டி, அதற்கு 600 பெர்மிஷன் கொடுங்கள்.

பூட் ஆகாமல் நின்றுவிட்டால்

எமர்ஜென்சி மோட் ரூட் பாஸ்வேர்டு கேட்டால் கொடுத்து உள்ளே போங்கள். "மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ /", பிறகு எஃப்எஸ்டேபில் அந்த வரியின் முன்னால் # போட்டுச் சேமித்து, டீமன்-ரீலோட், "சிஸ்டம்சிடிஎல் டிஃபால்ட்". ரூட் கணக்கு பூட்டப்பட்டிருக்கும் லினக்ஸ் விநியோகங்களில் (டிஸ்ட்ரோக்களில்) அதற்கும் வழியில்லை, "ரூட் அக்கவுன்ட் இஸ் லாக்ட்" என்று சொல்லி நின்றுவிடும். அப்போது பூட் தொடங்கும்போது வரும் க்ரப் மெனுவில் 'ஈ' அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியில் ஆர்ஓ என்பதை ஆர்டபிள்யூ என்று மாற்றி, கடைசியில் எஃப்எஸ்டேப்=நோ என்று சேர்த்து, கண்ட்ரோல்-எக்ஸ். அந்த ஒரு பூட்டுக்கு மட்டும் சிஸ்டம்டி எஃப்எஸ்டேபையே பார்க்காது. நம் வழக்கமான பயனராக லாகின் செய்து, சூடோவோடு வரியைத் திருத்தி, ரீபூட் செய்துவிடலாம். லைவ் யுஎஸ்பி தேடி ஓட வேண்டியதில்லை.

இதையெல்லாம் டிஸ்க் உண்மையிலேயே விழும் நாளில் முதல்முறையாகச் செய்து பார்க்காதீர்கள். கன்சோல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஒரு நாளில், நோஃபெயில் உள்ள வரியின் யூயூஐடியில் ஒரு இலக்கத்தை வேண்டுமென்றே மாற்றி ரீபூட் செய்யுங்கள். எஸ்எஸ்ஹெச் எழுகிறதா, அந்த டிஸ்க்கைச் சார்ந்த சர்வீஸ் மட்டும் நிற்கிறதா, பேக்கப் ஸ்கிரிப்டைக் கையால் ஓட்டினால் எழுத மறுத்து வெளியேறுகிறதா என்று மூன்றையும் பாருங்கள். மூன்றும் சரி என்றால் இலக்கத்தைப் பழையபடி மாற்றி, டீமன்-ரீலோட், "மவுண்ட் -ஏ", கடைசியாக ஒரு ஃபைண்ட்எம்என்டி.